கீபோர்டில் கட்டை பேசவில்லையா? அறுந்த டிராக்கைச் சரிசெய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் இருந்துகொண்டு, மெல்லிசைக் குழுக்கள், பஜனை மடங்கள், தேவாலயப் பாடகர் குழுக்கள், வீட்டில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தரும் ஆசிரியர்கள் எனப் பலருடைய கீபோர்டுகளைப் பல ஆண்டுகளாகப் பழுதுபார்த்து வருகிறேன். என்னிடம் வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளையும், கையில் கொஞ்சம் தொழில் இருந்து தாங்களே செய்து பார்க்க விரும்புகிறவர்கள் கேட்கும் கேள்விகளையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கட்டை என்று நான் சொல்வதெல்லாம் விரலால் அழுத்தும் கட்டையைத்தான். சுருதியைக் குறிக்கும் கட்டையை அன்று.

டிராக் என்பது என்ன? அது ஏன் அறுகிறது?

கருவிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையை போர்டு என்கிறோம். அதன் மீது ஒட்டியிருக்கும் மெல்லிய செம்புக் கோடுதான் டிராக். டிராக்கின் தடிமன் பொதுவாக 35 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதல். கீபோர்டின் கட்டைகளுக்குக் கீழே இருக்கும் போர்டு பெரும்பாலும் பழுப்பு நிறத்தில், பிசின் ஏற்றிய காகிதத்தால் ஆனது. அது நீளமாகவும் மெல்லியதாகவும் இருப்பதால், ஆயிரக்கணக்கான தடவை விரல்கள் அழுத்தும்போதும், திருவிழாவுக்குத் திருவிழா டாடா ஏஸ் வண்டியில் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு இடையே குலுங்கிச் செல்லும்போதும், திருகு முடுக்கிய இடங்களைச் சுற்றி வளைந்து விரிசல் விடுகிறது. இது ஒரு வகை. ஈரமும் உப்பும் எலிச் சிறுநீரும் கசிந்த பேட்டரியும் செம்பை அரித்துத் தின்பது இன்னொரு வகை. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடிப் பக்கம் கடற்காற்று படும் வீடுகளிலிருந்து வருபவற்றில் இரண்டாவது வகையையே அதிகம் பார்க்கிறேன்.

ஒரு கட்டை பேசவில்லை என்றாலே டிராக் அறுந்துவிட்டது என்று பொருளா?

இல்லை. ஒரே ஒரு கட்டை மட்டும் பேசாமல் இருந்தால், அல்லது அழுத்தி அடித்தால்தான் பேசுகிறது என்றால், முதலில் ரப்பர் பட்டையைச் சந்தேகப்படுங்கள். கட்டையின் அடியில் இருக்கும் ரப்பர்க் கிண்ணத்துக்குள் ஒரு கறுப்புக் கார்பன் பொட்டு இருக்கிறது. அது போர்டின் மீதுள்ள கறுப்புத் தடத்தைத் தொடும்போதுதான் ஒலி பிறக்கிறது. இடையில் தூசியோ எண்ணெய்ப் பிசுக்கோ படிந்தால் தொடர்பு போய்விடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் இரு பக்கமும் மெதுவாகத் துடைத்து, நன்றாகக் காயவைத்துப் பொருத்தினால் பல கட்டைகள் உயிர்பெற்றுவிடும். பெயின்ட் தின்னரால் துடைக்காதீர்கள். அது கார்பன் அச்சையும் பிளாஸ்டிக்கையும் கரைத்துவிடக்கூடும். மேசைக்கு வரும்போதே தின்னர் வாடை அடித்த போர்டுகளில், கார்பன் தடம் வழித்தெடுக்கப்பட்டு, எளிய துப்புரவு வேலை ஒன்று மீட்க முடியாத வேலையாக மாறியிருந்ததை நான் பலமுறை பார்த்து வருந்தியிருக்கிறேன்.

பேசாத கட்டைகளை வைத்து அறுந்த இடத்தை ஊகிக்க முடியுமா?

முடியும். இந்த வேலையில் மிகப் பயனுள்ள பகுதி இதுதான். திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

61 கட்டைகள் உள்ள கீபோர்டில் ஒவ்வொரு கட்டைக்கும் தனித்தனிக் கம்பி மூளைச் சில்லு வரை ஓடுவதில்லை. திருபுவனத்துத் தறியில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதைப் போல, போர்டில் இரண்டு திசைக் கோடுகள் ஓடுகின்றன. ஒவ்வொரு கட்டையும் ஒரு பாவும் ஓர் ஊடையும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. கட்டைகளைக் குழுக்களாகப் பிரித்திருப்பார்கள். ஒரு குழுவில் 6 இருக்கலாம், 8 இருக்கலாம், 12 இருக்கலாம். அது மாடலைப் பொறுத்தது. எட்டெட்டாகப் பிரித்த கீபோர்டை எடுத்துக்கொள்வோம். அடுத்தடுத்த எட்டுக் கட்டைகள் மொத்தமாக ஊமையாகிவிட்டால், அந்தக் குழுவுக்குப் போகும் பொதுக் கோடு அறுந்திருக்கிறது. அதற்கு மாறாக, இடப்பக்கத்திலிருந்து எண்ணும்போது 3, 11, 19, 27, 35, 43, 51, 59 என்று எட்டுக்கு ஒன்றாகப் பேசாவிட்டால், எல்லாக் குழுக்களின் மூன்றாம் கட்டையையும் இணைக்கும் கோடு அறுந்திருக்கிறது.

கடைசியாகச் சொன்ன இந்த வகைப் பழுதோடு ஓர் ஆசிரியர் வந்தார். ஒரு ஸ்தாயியில் ரிஷபமும் நிஷாதமும் பேசவில்லை, அடுத்த ஸ்தாயியில் அவை பேசுகின்றன, ஆனால் பிரதி மத்தியமம் பேசவில்லை, அதற்கடுத்த ஸ்தாயியில் மறுபடியும் ரிஷபமும் நிஷாதமும் பேசவில்லை. ஆகவே கருவி முழுவதுமே குழம்பிவிட்டது என்று அவர் முடிவு கட்டியிருந்தார். சி என்ற கட்டையை ஷட்ஜமாக வைத்து எட்டெட்டாக எண்ணினால் டி, ஏ ஷார்ப், எஃப் ஷார்ப் என்று சுற்றிச் சுற்றித்தான் வரும். அதாவது சதுஸ்ருதி ரிஷபம், கைசிகி நிஷாதம், பிரதி மத்தியமம். எட்டுக் கட்டைகள் பழுது என்று தோன்றியது, உண்மையில் ஒரே ஒரு கோட்டில் ஒரே ஒரு விரிசல்.

ஆகவே ஒரு தாளில் 1 முதல் 61 வரை எழுதி, ஒவ்வொரு கட்டையையும் மெதுவாக ஒரு தடவையும் ஓங்கி ஒரு தடவையும் அடித்து, பேசியது, பேசாதது, எப்போதும் உரத்தே பேசுவது என்று குறித்துக்கொள்ளுங்கள். விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி மாறும் கீபோர்டுகளில் ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டு தொடர்புகள் இருக்கின்றன; முதலாவது தொடுவதற்கும் இரண்டாவது தொடுவதற்கும் இடையிலான நேரத்தைக் கொண்டுதான் வேகம் கணக்கிடப்படுகிறது. எப்போதும் ஒரே உரப்பில் பேசும் கட்டையில் அந்த இரண்டில் ஒன்று போயிருக்கலாம். பாதி கீபோர்டு அப்படியே ஊமையாக இருந்தால், கட்டைப் போர்டு இரண்டு துண்டுகளாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டையும் இணைக்கும் ரிப்பன் கம்பியின் பற்று, அதாவது ஈயத்தால் பற்றவைத்த இணைப்பு, விட்டிருப்பது வழக்கம்.

திறப்பதற்கு முன் என்ன கவனிக்க வேண்டும்?

அடாப்டரைக் கழற்றிவிட்டு, பேட்டரிகளையும் எடுத்துவிடுங்கள். 230 வோல்ட் கம்பி நேராக உள்ளே போகும் பெரிய கருவியாக இருந்தால், அந்த வேலையில் பழக்கமில்லாதவர் அதைத் திறக்கவே கூடாது. அடியில் இருக்கும் திருகுகள் நீளத்திலும் பருமனிலும் வேறுபடும். ஒவ்வொரு வரிசையையும் தனிக் கிண்ணத்தில் போடுங்கள், ஏனென்றால் நீளத் திருகைக் குட்டையின் இடத்தில் முடுக்கினால் அதுவே போர்டைக் குத்தி அடுத்த விரிசலை உண்டாக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத விரிசலை எப்படிக் கண்டுபிடிப்பது?

பழுப்பு நிறப் போர்டு வெளிச்சத்தை ஓரளவு ஊடுருவவிடும். அறையை இருட்டாக்கி, போனின் டார்ச்சைப் போர்டின் பின்னால் பிடித்து, டிராக்கின் வழியே கண்ணை மெதுவாக ஓட்டுங்கள்; விரிசல் உள்ள இடத்தில் மயிரிழை போல ஓர் ஒளிக்கோடு தெரியும். நகைக்கடைக்காரர்கள் கல் பார்க்கப் பயன்படுத்தும் 10 மடங்கு லென்ஸ் இதற்கு மிகவும் ஏற்றது. திருகு ஓட்டைகளைச் சுற்றியும், போர்டின் முனைகளிலும், கனமான பாகம் நிற்கும் இடத்திலும் முதலில் தேடுங்கள்.

கண் கைவிட்டால், மின்தடையையும் வோல்ட்டையும் அளந்து காட்டும் மல்டிமீட்டர். அதை ஓம் அளவில் வைத்து, ஒரு முனையை டிராக்கின் தொடக்கத்தில் உள்ள பற்றுப் புள்ளியிலும், மறு முனையை வழியில் வரும் அடுத்தடுத்த பற்றுப் புள்ளிகளிலும் வைத்துக்கொண்டே போங்கள். எந்தப் புள்ளி வரை எண் சுழிக்கு அருகில் இருக்கிறதோ அதற்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவில்தான் பழுது இருக்கிறது. நல்ல செம்புக் கோடு, 1 மில்லிமீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் நீளமும் இருந்தாலும், 0.05 ஓம் அளவுக்குத்தான் தடை காட்டும். மீட்டர் கம்பியின் தடையே அதைவிட அதிகம். எனவே சில ஓம்கள் காட்டினாலும் அந்தக் கோடு நலமாக இல்லை என்று கொள்ளலாம்.

சில விரிசல்கள் போர்டை மேசைமேல் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், கருவியில் பொருத்தினால் பிரிந்துகொள்ளும். அப்படிப்பட்ட ஒரு கீபோர்டுக்காக இரண்டு நாள் செலவிட்டேன். மேசையில் எல்லாக் கட்டைகளும் பேசின. திருகை முடுக்கியதும் ஆறு கட்டைகள் ஊமையாயின. கடைசியில் மீட்டரைப் பொருத்தி வைத்தபடியே, போர்டின் ஒரு முனையைக் கட்டைவிரலால் மிக மெல்ல அழுத்திப் பார்த்தபோதுதான், எண் துள்ளும் இடம் பிடிபட்டது. அழுத்தும்போது உங்கள் விரலுக்கே தெரியாத அளவு அழுத்தம் போதும். அதற்கு மேல் போனால் பழுதைப் பெரிதாக்குகிறீர்கள்.

தொடர்பு இருந்தால் பீப் அடிக்கும் அளவில் வைத்தும் மீட்டர் பீப் அடிக்கவில்லை. அப்படியானால் அறுந்ததுதானே?

இந்த ஓரிடத்தில்தான் புதிதாகச் செய்கிறவர்கள் அதிகம் தவறுகிறார்கள். ஒரு பக்கம் மட்டும் செம்பு உள்ள போர்டில், ஒரு கோடு மற்றொன்றைத் தாண்டிச் செல்ல வேண்டிய இடத்தில், காப்புப் பூச்சின் மேல் கறுப்புக் கார்பன் மையால் பாலம் அச்சிட்டிருப்பார்கள். இந்தக் கார்பன் கோட்டின் தடை பத்துக்கணக்கிலிருந்து நூற்றுக்கணக்கான ஓம் வரை இருக்கலாம். பல மீட்டர்கள் 30, 50 ஓம்களுக்கு மேல் பீப் அடிக்காது. நன்றாக இருக்கும் கோட்டை அறுந்தது என்று எண்ணிச் சுரண்டிவிட்டால் நட்டம் உங்களுக்கே. ஓம் அளவில் வைத்து, பக்கத்தில் உள்ள அதே மாதிரிக் கோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகமான டையோடு வழியில் இருந்தாலும் பீப் வராது. மீட்டரை டையோடு அளவுக்கு மாற்றி, ஒரு திசையில் 0.5 முதல் 0.7 வோல்ட் வரை காட்டுகிறதா, மறு திசையில் அடைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

விரிசலின் மேல் ஈயத்தை ஓடவிட்டால் போதாதா?

அன்றைக்குப் பேசும். சில வாரங்களில் மறுபடியும் ஊமையாகும். ஈயம் மெத்தென்ற உலோகம். போர்டு ஒவ்வொரு தடவை வளையும்போதும் விரிசலின் மேல் நிற்கும் அந்தச் சிறு துளி இழுபட்டுக் களைத்து, அதே இடத்தில் பிளந்துவிடுகிறது. விரிசலைத் தாண்டி ஒரு கம்பியைப் பாலமாகப் போடுவதுதான் முறை. கடைக்காரர்கள் இதை ஜம்பர் போடுவது என்பார்கள். டிராக்கைச் சுரண்டி அதன் மேலேயே கம்பியைப் பற்றவைப்பதைவிட, அந்த டிராக் தொடங்கும் பாகத்தின் காலிலிருந்து அது முடியும் பாகத்தின் காலுக்குக் கம்பி இழுப்பது இன்னும் உறுதியானது. கால் ஓட்டைக்குள் புகுந்து நிற்பதால் இழுவிசையைத் தாங்கும். பக்கத்தில் கால் இல்லாத இடத்தில் மட்டும் டிராக்கைச் சுரண்டுங்கள், அதுவும் விரிசலின் இரு பக்கமும் 5 மில்லிமீட்டருக்குக் குறையாமல்.

எந்தக் கம்பி ஏற்றது?

கட்டைக் கோடுகளில் ஓடும் மின்சாரம் மிகக் குறைவு, ஆகவே 0.2 முதல் 0.25 மில்லிமீட்டர் வரையுள்ள ஒற்றை இழைக் கம்பி தாராளமாகப் போதும். நம் டெல்டாவில் இதற்கு அலைய வேண்டியதே இல்லை. பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை இல்லாத ஊர் இங்கே குறைவு. அங்கே 34 கேஜ் எனாமல் கம்பி கேட்டால் ஒரு முழம் சும்மாவே தருவார்கள். அதன் பருமன் ஏறக்குறைய 0.23 மில்லிமீட்டர். ஆனால் மோட்டார்க் கம்பியின் எனாமல் மிகுந்த சூட்டைத் தாங்குவதற்காகவே பூசப்பட்டது. சால்டரிங் அயர்னின் சூட்டுக்கு அது உருகிவிடும் என்று நம்பாதீர்கள். இரு முனைகளிலும் 3 மில்லிமீட்டர் அளவுக்குப் பிளேடாலோ உப்புத்தாளாலோ சுற்றிலும் சுரண்டி, செம்பு பளிச்சென்று தெரிந்தபின் ஈயம் பூசிப் பாருங்கள். ஈயம் முழுவதும் பரவிப் பிடித்தால்தான் கம்பி தயார். உறைபோட்ட மெல்லிய கம்பி கிடைத்தால் அதுவும் நல்லது.

பற்றவைக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல முடியுமா?

25 வாட் அயர்ன் போதும். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தால் 320 முதல் 350 டிகிரிக்குள் வையுங்கள். 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கலந்த 60/40 ஈயம் 183 டிகிரியில் இளகத் தொடங்கி 190க்குள் முழுக்க உருகிவிடும். முனை அதைவிடச் சூடாக இருப்பது, வேலையை நொடிகளில் முடித்துக் கையை எடுப்பதற்காக. பழுப்புப் போர்டில் செம்பைப் பிடித்திருக்கும் பசை சூட்டுக்கு மிகவும் அஞ்சும். ஓரிடத்தில் 3 நொடிக்கு மேல் முனையை வைத்தால் செம்பு உரிந்து, கம்பியோடு சேர்ந்து கையோடு வந்துவிடும்.

முதலில் டிராக்கின் மேலுள்ள பூச்சைப் பிளேடின் முனையால் படுக்கைவாட்டில் வழியுங்கள். கீறக் கூடாது, வழிக்க வேண்டும்; செம்பு வெறும் 35 மைக்ரான் என்பதை நினைவில் கொண்டால் கை தானாகவே மென்மையாகிவிடும். செம்பு ரோஜா நிறத்தில் தெரிந்தவுடன் ஆல்கஹாலால் துடைத்து, ஈயம் நன்றாகப் பிடிக்க உதவும் ரோசின் ஃபிளக்ஸ் சிறிது தடவி, மெல்லிய ஈயப் பூச்சு ஒன்றைக் கொடுங்கள். கம்பி முனைக்கும் அதேபோல் தனியாகக் கொடுங்கள். பிறகு இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, மரக் குச்சியால் அழுத்திப் பிடித்து, அயர்னால் ஒரு தடவை தொட்டால் போதும். இரு பூச்சுகளும் ஒன்றாகக் கலந்து, ஈரம் பட்டதைப் போல மின்னும். அயர்னை எடுத்தபின் அந்த மினுக்கம் அடங்கி ஈயம் இறுகும் வரை குச்சியை அசைக்காதீர்கள். அசைந்தால் பற்று மங்கலாக, மணல் போலச் சொரசொரப்பாக நிற்கும். சரியாகப் பிடிக்காத அந்தப் பற்றுதான் டிரை சால்டர்.

கம்பியை விறைப்பாக இழுக்காமல் சிறு வளைவு விட்டுப் போடுங்கள். போர்டு வளையும்போது அந்த வளைவு விட்டுக்கொடுக்கும். ரப்பர் பட்டை உட்காரும் இடத்தின் குறுக்கே கம்பியை ஓட்டவே கூடாது. ஒரு மயிரளவு கம்பி கீழே கிடந்தாலும் பட்டை தூக்கிக்கொண்டு, நலமாக இருந்த கட்டைகளும் கெட்டுவிடும். சுற்றி வந்தாலும் பரவாயில்லை, பட்டை படாத வழியாகக் கொண்டுவந்து, ஆங்காங்கே ஒரு துளி பசையால் நிறுத்துங்கள். சுரண்டிய செம்பின் மேல் நகப்பூச்சு ஒரு கை பூசினால் காற்றும் ஈரமும் அண்டாது. கறுப்புத் தொடர்புத் தடத்தில் மட்டும் அது பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈயப் புகையை நேரே முகராமல் ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். முடித்ததும் சாப்பிடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

டப்பாவில் விற்கும் சால்டரிங் பேஸ்ட்டைப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். தொழில் தொடங்கிய நாட்களில் நானும் அதைத்தான் பயன்படுத்தினேன். ஈயம் வழுக்கிக்கொண்டு பிடிக்கும், வேலை எளிதாக இருக்கும். ஆனால் அவற்றில் பல அமிலத்தன்மை உள்ளவை. மிச்சம் தங்கிவிட்டால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து மெல்ல மெல்லச் செம்பை அரிக்கும். கோடையில் நான் சரிசெய்து கொடுத்த ஒரு கீபோர்டு, ஐப்பசி மழை முடிந்து திரும்பி வந்தபோது, நான் போட்ட பற்றுகளைச் சுற்றியே பச்சைப் பூஞ்சைபோல் களிம்பு ஏறியிருந்தது. அன்று முதல் ரோசின் மட்டும்தான். அதன் மிச்சத்தையும் ஆல்கஹாலால் கழுவிவிடுகிறேன்.

கறுப்புக் கார்பன் கோடே அறுந்திருந்தால் என்ன செய்வது?

கார்பனில் ஈயம் பிடிக்காது. எவ்வளவு ஃபிளக்ஸ் போட்டாலும் பிடிக்காது. அது பாலமாக மட்டும் இருந்தால், அதன் இரு முனைகளும் எந்தச் செம்புக் கோடுகளில் போய்ச் சேர்கின்றனவோ அவற்றைச் சுரண்டி, உறையுள்ள கம்பியால் இணைத்துவிடலாம். ரப்பர்ப் பொட்டு தொடும் தடமே தேய்ந்திருந்தால் கார்பன் கலந்த கடத்தும் மையை மெல்லியதாகப் பூசிக் காயவைப்பது ஒன்றே வழி. வெள்ளி கலந்த கடத்தும் மைப் பேனா கிடைக்கிறது. குறைந்த மின்சாரம் ஓடும், வளையாத இடத்துக்கு அது உதவும். பென்சிலால் கோடு இழுக்கும் யோசனையை நான் ஏற்பதில்லை. அதன் தடை அதிகம், தேய்ந்தும் போகும்.

போர்டே இரண்டாக உடைந்துவிட்டது. ஒட்டவைக்க முடியுமா?

முடியும், ஆனால் வரிசை முக்கியம். முதலில் போர்டுக்கு உறுதி, பிறகுதான் மின்தொடர்பு. உடைந்த விளிம்புகளைச் சரியாகப் பொருத்தி, இரண்டு பகுதி எபாக்ஸிப் பசையால் ஒட்டி, ரப்பர் பட்டை இல்லாத பக்கத்தில் உடைப்பின் குறுக்கே பழைய போர்டிலிருந்து வெட்டிய சிறு பட்டையை முட்டுக் கொடுத்து, ஒருநாள் முழுவதும் அசையாமல் இறுக வையுங்கள். அதன்பின் அறுந்த ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு கம்பி. பதினைந்து கோடுகள் அறுந்திருந்தால் பதினைந்து கம்பிகள். ஒவ்வொன்றையும் போட்டவுடனே சோதித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

கீபோர்டு ஆன் ஆகவே இல்லை. அதுவும் டிராக்தானா?

பல நேரங்களில் அடாப்டர் செருகும் சாக்கெட்டுதான். ஒயரில் கால் தடுக்கி இழுபட்டு, சாக்கெட்டின் காலைச் சுற்றி வட்டமாக விரிசல் விட்டிருக்கும், அல்லது செம்பு வளையமே கிளம்பி வந்திருக்கும். மின்சாரம் முழுவதும் இந்த வழியாகத்தான் வருகிறது என்பதால் மெல்லிய கம்பி கூடாது. லேன் கேபிளில் இருக்கும் 0.5 மில்லிமீட்டர் ஒற்றைச் செம்பு இழையைச் சாக்கெட்டின் காலிலிருந்து வழியில் உள்ள அடுத்த பாகத்தின் கால் வரை போடுங்கள். சாக்கெட்டின் உடலையும் பசையால் நிறுத்துங்கள். அடாப்டரை மாற்றிப் போடுவதும் கருவியைக் கொல்லும்: யமஹா கீபோர்டுகளில் பல 12 வோல்ட், நடு முள் பாசிட்டிவ், பழைய கேசியோ கீபோர்டுகளில் பல 9 வோல்ட், நடு முள் நெகட்டிவ். சாக்கெட் அருகில் அச்சிட்டிருக்கும் படத்தைப் பார்க்காமல் எதையும் செருகாதீர்கள்.

பேட்டரி கசிந்துவிட்டது, எலி புகுந்துவிட்டது, வெள்ளத்தில் நனைந்துவிட்டது. இவற்றுக்கு என்ன வழி?

மூன்றிலும் கம்பி போடுவதற்கு முன் கழுவ வேண்டும். அரிப்பு உள்ளே இருக்கும்போது மேலே ஜம்பர் போடுவது, கரையான் அரிக்கும் தூணுக்குச் சுண்ணாம்பு அடிப்பதைப் போன்றது.

ஆல்கலைன் பேட்டரியின் கசிவு காரம். அதை எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்ட பஞ்சால் துடைக்கலாம். சாதாரணத் துத்தநாக பேட்டரியின் கசிவு சற்று அமிலத்தன்மை உள்ளது. அதற்குச் சமையல் சோடா கரைத்த நீர். இரண்டுக்கும் பிறகு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரால் கழுவி, ஆல்கஹாலால் துடைத்து, மின்விசிறிக் காற்றில் காயவையுங்கள். அடாப்டரிலேயே வாசிக்கிறவர்கள் பேட்டரிகளை உள்ளே வைத்திருக்கவே தேவையில்லை.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையேறியது. அதன் பிறகு நனைந்த கீபோர்டுகள் பல என்னிடம் வந்தன. பிழைத்தவற்றுக்கும் பிழைக்காதவற்றுக்கும் இருந்த வேறுபாடு பெரும்பாலும் ஒன்றுதான்: காய்ந்துவிட்டது என்று நம்பி ஆன் செய்து பார்த்தவை பிழைக்கவில்லை. உப்பு நீர் காய்ந்தாலும் உப்பு போவதில்லை. அது போர்டில் தங்கி, ஈரம் வரும்போதெல்லாம் செம்பைத் தின்கிறது. மின்சாரம் கொடுத்தால் அரிப்பு பல மடங்கு விரைவாகிறது. ஆகவே ஆன் செய்யாமல் அவிழ்த்து, ஸ்பீக்கரைத் தனியே எடுத்துவிட்டு, போர்டுகளை நல்ல நீரில் கழுவிக் காயவைத்துவிட்டு, அதன்பிறகே டிராக்குகளைச் சோதிக்க வேண்டும்.

மெயின் போர்டில் டிராக் அறுந்தால் வீட்டில் செய்யலாமா?

கட்டைப் போர்டு வேறு, மெயின் போர்டு வேறு. மெயின் போர்டு கண்ணாடி இழையால் ஆனது, பெரும்பாலும் பச்சை நிறம், இரு பக்கமும் செம்பு; அங்கே சில்லுகளின் கால்களுக்கு இடையே அரை மில்லிமீட்டர்தான் இடைவெளி. கையில் நுண்ணோக்கி இல்லாவிட்டால் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. ஊரில் செல்போன் சர்வீஸ் கடைகளில் நுண்ணோக்கியின் கீழ் ஜம்பர் போடும் கைத்திறமை உள்ள இளைஞர்கள் இருக்கிறார்கள். அறுந்த இடத்தை நீங்களே கண்டுபிடித்து, எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு என்று குறித்துக் கொடுத்தால் அவர்கள் போட்டுத் தருவார்கள்.

கணினி விசைப்பலகைக்கும் இதே முறைதானா?

பெரும்பாலானவற்றில் உள்ளே இருப்பது பிளாஸ்டிக் தாளில் வெள்ளி மையால் அச்சிட்ட கோடுகள். அயர்ன் பட்டால் தாள் சுருங்கிவிடும். கடத்தும் மைப் பேனாதான் அங்கே வழி. அதற்கும் வாய்ப்பு பாதிதான்.

இவ்வளவு பாடுபடுவதற்குப் புதிதே வாங்கிவிடலாமே?

மூளைச் சில்லு எரிந்துபோன கருவியென்றால் நானே அப்படித்தான் சொல்வேன். ஆனால் கட்டைப் போர்டில் டிராக் அறுந்த கருவியில் கெட்டிருப்பது ஒரு விரல்கடை நீளச் செம்பு மட்டுமே. மற்றதெல்லாம் நலமாக இருக்கிறது. தஞ்சாவூரில் வீணையின் மெழுகு இளகி மெட்டுகள் நகர்ந்துவிட்டால், மெழுகை எடுத்துவிட்டுப் புதிதாக மேளம் கட்டுகிறார்கள், அதாவது புது மெழுகில் மெட்டுகளைச் சுருதி பார்த்துப் பதிக்கிறார்கள். அதற்காக வீணையை யாரும் எறிவதில்லை. பத்து ஆண்டு வாசித்து விரல் பழகிய கருவியை ஒரு மயிரிழை விரிசலுக்காகக் குப்பைக்குப் போடுவதைப் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. பழைய மாடல்களுக்கு மாற்றுப் போர்டு கிடைப்பதும் அரிது. இருக்கும் போர்டைக் காப்பாற்றினால்தான் உண்டு.

வேலை முடிந்தபின் எப்படிச் சோதிப்பது?

ஜம்பர் போட்ட கோடு முழுநீளத்துக்கும் தொடர்பு காட்டுகிறதா என்று பாருங்கள். அதே அளவு முக்கியமாக, இரு பக்கத்துக் கோடுகளோடும் தொடர்பு காட்டாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு திருகுகளையெல்லாம் முடுக்கியபின், முதலில் எழுதிய அதே தாளை வைத்துக்கொண்டு 61 கட்டைகளையும் மெதுவாகவும் ஓங்கியும் அடியுங்கள். நான்கு கட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும்போது அழுத்தாத ஐந்தாவது ஒலி கேட்டால், எங்கோ ஒரு டையோடு ஷார்ட் ஆகியிருக்கிறது, அல்லது இரண்டு கோடுகள் தொட்டுக்கொண்டிருக்கின்றன.

எந்தக் காலிலிருந்து எந்தக் காலுக்குக் கம்பி போட்டீர்கள் என்பதை ஒரு சிறு சீட்டில் படமாக வரைந்து, தேதியும் எழுதி, கீழ்மூடியின் உட்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்து அந்தக் கருவியைத் திறப்பவர் வேறொருவராக இருக்கலாம்.